கடைக் கம்ப்யூட்டரில் பெரிய எழுத்து

காரைக்குடி
19.01.2026

அன்புத் தம்பி முஜிபுர் ரகுமானுக்கு அக்கா ஷரபுன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் நானும் என் வாடகைப் பாத்திரக் கடையும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. கோலாலம்பூர்ச் சாப்பாட்டில் உன் வயிறு இன்னும் வளர்கிறதா, நின்றுவிட்டதா?

கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தைத் தூக்குகிறாள் என்று நினைப்பாய். போன வாரம் உன்னிடம் போனில், "மிக்சி பிளேடு மழுங்கிப் போச்சுடா" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, அதே போனில் மிக்சி விளம்பரம் வந்து பல்லை இளிக்கிறது. நம் பேச்சை மூன்றாவதாக எவனோ கேட்டுக்கொண்டிருக்கிறான். என் மகள் நாதியாவின் மாமியாரைப் பற்றி வேறு உன்னிடம் எவ்வளவோ பேசியிருக்கிறேன். அதெல்லாம் எந்தச் சீமையில் போய் நிற்கிறதோ! அதனால் இனிமேல் காகிதம்தான். நம் அயாஸ் துணி வியாபாரத்துக்காக அடிக்கடி திருச்சியில் விமானம் ஏறி உன் ஊருக்கு வருகிறான் அல்லவா, அவன் பெட்டியில் சேலைக்கு நடுவே இதையும் திணித்துவிடுவேன். நீயும் அவன் கையிலேயே பதில் கொடு.

இன்னொரு சங்கதி. பழைய சிஸ்டத்துக்கு இனி கம்பெனிக்காரன் ஒன்றும் அனுப்பமாட்டான் என்று சொல்லி, ஐப்பசியில் லீவுக்கு வந்தபோது கடைக் கம்ப்யூட்டரில் புதுசு ஏற்றினாயே, அன்றிலிருந்து அது என்னை மதிப்பதில்லை. அக்கவுண்ட் கேட்டது, ஓ.டி.பி. கேட்டது, நீ உன்னுடையதையே போட்டுச் சமாளித்துவிட்டுப் போய்விட்டாய். இப்போது பில் போட உட்கார்ந்தால் ஓரத்தில் கண் சொட்டு மருந்து. கீழே பூதக்கண்ணாடி. நடுவில், நேரத்தை வாய்விட்டுச் சொல்லும் கைக்கடிகாரம். ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேடாதவள் நான். என்னை ஏன் கிழவியாக்குகிறது?

தேடும் பெட்டியிலேயே கேட்டுவிட்டேன். முன்பெல்லாம் ஒன்றைத் தேடினால் பத்துக் கடை பெயரைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இப்போது அதுவே பெரிய மனுஷன் மாதிரி பாரா பாராவாகப் பதில் எழுதுகிறது. "உங்கள் ஆர்வத்துக்கு ஏற்ப விளம்பரங்கள் காட்டப்படுகின்றன" என்றது. என் ஆர்வமெல்லாம் வாடகைக்குப் போன அண்டா நசுங்காமல் திரும்புமா என்பதுதான். இதற்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? படித்தவன் நீ, சொல்லு.

துஆவுடன்,
அக்கா


கோலாலம்பூர்
08.02.2026

அன்புள்ள அக்காவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம். நான் நலம். வயிறும் நலம். உன் கால் வலி எப்படி இருக்கிறது?

என்னடா இவன் அச்சடித்து அனுப்புகிறான் என்று பார்க்காதே. இப்போதெல்லாம் நான் பேசினால் போதும், கம்ப்யூட்டர் தானாகத் தமிழில் அடித்துக்கொள்கிறது. மளிகைக் கடையில் நாளெல்லாம் கணக்கு எழுதுகிறவனுக்கு அது ஒரு சொகுசு. நீ கடிதம் என்று சொன்னது எனக்கும் சந்தோஷம்தான். வீடியோ காலில் மூஞ்சியைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

விளம்பரக் குழப்பம் உனக்கு மட்டும் இல்லை. எனக்கு இங்கே பந்தல், நாற்காலி, பந்தி இலை, பன்னீர்ச் செம்பு என்று வருகிறது. நான் எதையும் தேடவில்லை. ஏன் என்று புரியவே இல்லை.

அந்தக் கண் மருந்து விளம்பரம் எப்போதிருந்து வருகிறது? நீ ஏதாவது தேடினாயா? மறக்காமல் எழுது.

தம்பி
முஜிபு


காரைக்குடி
24.02.2026

மாப்பிள்ளைத் தம்பிக்கு ஸலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. சஹருக்கு எழுந்து சாப்பிடுகிறாயா, தூங்கிவிட்டுப் பட்டினி கிடக்கிறாயா?

பந்தலும் பன்னீர்ச் செம்பும் உன் கம்ப்யூட்டரில் ஏன் வருகிறது என்றா கேட்கிறாய்? எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மச்சி, உன் பெண்டாட்டி, மவுத்தாகி ஏழு வருஷம் சும்மா இருந்தவன் அங்குட்டு யாரையோ பார்த்து வைத்திருக்கிறாய். அக்காவிடம் சொல்லக் கூச்சம், கம்ப்யூட்டரிடம் சொல்லியிருக்கிறாய். பெண் மலாய்க்காரியா, நம் பக்கமா? எதுவானாலும் பாத்திரம் என் கடையில்தான் எடுக்க வேண்டும், தெரிந்துகொள்.

நான் கண்ணைப் பற்றி எதையும் தேடவில்லை. ஆனால் கூத்து முற்றிவிட்டது. போன திங்கட்கிழமை கடையைத் திறந்தால் கம்ப்யூட்டரில் எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்கு ஊதிக் கிடக்கிறது. அம்புக்குறி மஞ்சளாகிக் கட்டை விரல் பருமன் இருக்கிறது. நான் தொடவே இல்லை. மகள் கல்யாணத்துக்கு எடுத்த பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த சீதை ஆச்சி பார்த்துவிட்டு, "என்ன சரபு, எழுத்து இம்புட்டுப் பெருசா இருக்கு? எங்க வீட்டு வளவுல இருந்து பார்த்தாலே என் பில்லு தெரியும் போலயே!" என்றார்.

"ஒங்களுக்காகத்தான் ஆச்சி. வெலை கண்ணுக்குத் தெரியலைன்னு சொல்லிட்டுப் போயிருவீகல்ல" என்றேன்.

அப்போது பார்த்து, யா அல்லாஹ், கம்ப்யூட்டர் வாயைத் திறந்தது! ஒரு பொம்பளைக் குரல். "சீதை ஆச்சி. அண்டா. நெளிவு. ஒன்று" என்று கணீரென்று வாசிக்கிறது. ஆச்சி கோபத்தில் சிவந்துவிட்டார்.

"அந்த நெளிவு நான் எடுக்கறப்பவே இருந்துச்சு! யாரு அந்தப் புள்ள, உள்ள உக்காந்துக்கிட்டு என் மேல பழி போடுறது? வெளிய வரச் சொல்லு!"

பதற்றத்தில் நான் கம்ப்யூட்டரைப் பார்த்து, "சும்மா இரும்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அது "ரத்து செய்" என்று சொல்லிவிட்டு நின்றது. சிரிப்பும் வருகிறது, பயமாகவும் இருக்கிறது. யாராவது ஏவிவிட்டிருப்பார்களோ? என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

அக்கா


கோலாலம்பூர்
12.03.2026

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். நான் நலம்.

கல்யாணமும் இல்லை, மலாய்க்காரியும் இல்லை. விளையாட்டை விடு. நான் கேட்பதற்கு ஒழுங்காகப் பதில் சொல்.

கம்ப்யூட்டர் சும்மா விளம்பரம் காட்டாது. நீ எதையோ என்னிடம் மறைக்கிறாய். நேராகப் பார்க்கும்போது தெளிவாக இருந்து, ஓரத்தில் மட்டும் மங்குகிறதா? பக்கத்தில் வருகிறவர்கள் மேல் மோதுகிறாயா? இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா? படி இறங்கும்போது கடைசிப் படி காணாமல் போகிறதா? ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றதால் பார், அப்புறம் மாற்றிப் பார். இரண்டும் சேர்ந்திருக்கும்போது ஒன்று மற்றதின் குறையை மறைத்துவிடும்.

வலிக்காது. அதுதான் மோசம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுகொண்டே இருக்கும். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம். அத்தாவுக்கு வந்தது இதுதான். அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும். பெருநாள் முடிந்ததும் மதுரைக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டு. தள்ளிப்போடாதே அக்கா.

முஜிபு


காரைக்குடி
25.03.2026

டாக்டர் முஜிபுர் ரகுமான் அவர்களுக்கு, பாத்திரக்கடை ஷரபுன்னிசாவின் பெருநாள் வாழ்த்துகள். பிரியாணி சாப்பிட்டாயா? இங்கே புதுவயலில் இருந்து நாதியா வந்திருந்தாள். நீ இல்லாத குறைக்கு உன் பங்கையும் அவளே சாப்பிட்டாள்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது. மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளைக்கு இவ்வளவு வைத்தியம் எப்படித் தெரியும்? கடைசிப் படி காணாமல் போகும் என்று யார் உனக்குச் சொன்னது? அத்தா கூட அதைச் சொன்னதில்லை.

என் கண் நன்றாக இருக்கிறது. ஓரத்திலும் நன்றாக இருக்கிறது. பாத்திரம் கழுவுகிற பொன்னுத்தாயி முதுகுக்குப் பின்னால் வெற்றிலை போடுவதுகூட எனக்குத் தெரியும். மதுரைக்கெல்லாம் போக முடியாது, பங்குனி முகூர்த்தம் வரிசையாக நிற்கிறது.

உன் சுகத்தை "நான் நலம்" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டாய். முன்பெல்லாம் உன் சளி, உன் முதலாளி, உன் அறையில் கூட இருப்பவனின் குறட்டை என்று ஒரு பக்கம் எழுதுவாயே?

அக்கா


காரைக்குடி
13.04.2026

தம்பிக்கு ஸலாம். இங்கு அனைவரும் சுகம். உன் பதில் வரவில்லை. அயாஸ் கிளம்புகிறான், அதனால் எழுதுகிறேன்.

நேற்றுத் தேடும் பெட்டியைத் தொட்டேன். பழைய கேள்விகள் வரிசையாகக் கீழே இறங்கின. நான் கேட்டவை அல்ல. வாசித்தேன். சரி, அதை விடு.

வெயில் அதிகம். வியாபாரம் பரவாயில்லை. நீ எப்போது வருகிறாய்?

ஷரபுன்னிசா


கோலாலம்பூர்
26.04.2026

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். நலமா?

உன் கடிதத்தில் கிண்டலே இல்லையே. அயாஸ் வாசித்து முடித்ததும், "அவ்வளவுதானா? பின்பக்கம் பாரு" என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றான்.

என்ன கேள்விகள் அவை? கம்ப்யூட்டர் சமயத்தில் குழம்பி யார் யாருடையதையோ காட்டும், அதையெல்லாம் நம்பாதே. மதுரைக்குப் போனாயா இல்லையா, அதை மட்டும் சொல். நான் டிசம்பரில்தான் வர முடியும். இங்கே வேலை அதிகம்.

முஜிபு


கடைக் கம்ப்யூட்டரின் தேடும் பெட்டி
04.05.2026

அக்கா:
டேய் முஜிபு

அக்கா:
இது சரபு அக்கா. அயாஸ் வாசிச்சானா? நீ ஏன் வாசிக்கல?

அக்கா:
"கண் அழுத்தத்தில் போன பார்வை திரும்புமா" இது நான் கேட்டதில்ல. "கண் சரியாகத் தெரியாமல் கணக்கு வேலை பார்க்கலாமா" இதுவும் நான் கேட்டதில்ல. "வீட்டில் சொல்லாமல் சமாளிப்பது எப்படி" இதைக் கேட்டவன் யாருடா?

அக்கா:
நான் என்ன அடிச்சாலும் இது நடுவுல புகுந்து எனக்குப் பதில் சொல்லுது. முஜிபுங்கிறது ஆண் குழந்தைப் பேராம். அதைக் கண்டுக்காத. நீ பதில் சொல்லு

தம்பி:
அக்கா

தம்பி:
நீ எப்படி இதுக்குள்ள வந்த

அக்கா:
நீதானடா உன் அக்கவுண்ட்டப் போட்டு வச்சிட்டுப் போன. நீ அங்க கேட்டது இங்க தெரியுது, நான் அடிக்கிறது அங்க தெரியுது. எத்தனை கண்ணு தெரியுது?

தம்பி:
வலது போயிருச்சு. இடதுல பாதி இருக்கு

அக்கா:
கெளம்பி வா

தம்பி:
நீ மதுரைக்குப் போனியா

அக்கா:
போகல. நீ வந்தாத்தான் போவேன். ரெண்டு பேரும் ஒண்ணா காட்டுவோம்

தம்பி:
விளையாடாத அக்கா. நாள் ஆக ஆக உனக்கும் போயிரும்

அக்கா:
போகட்டும். டிசம்பர்ல வருவல்ல, அப்பப் பார்த்துக்கலாம்

தம்பி:
அக்கா


கோலாலம்பூர்
09.05.2026

அன்புள்ள அக்காவுக்கு, முஜிபு சொல்ல அயாஸ் எழுதுவது. நீ நலமா என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

அன்றைக்குக் காலையில் கல்லாவில் உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டாமல் தேடும் பெட்டியைத் தொட்டுவிட்டேன். திரையில் இருப்பதை எனக்கு வாசித்துச் சொல்ல ஒரு பெண் குரல் வைத்திருக்கிறேன். அது கடை முழுக்கக் கேட்கும்படி "டேய் முஜிபு" என்றது. அரிசி வாங்க வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். உன் கடையில் எழுத்து பெரிதானதும் ஆச்சியின் நெளிவை வாசித்ததும் எதனால் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இங்கே எதை மாற்றினாலும் அங்கே மாறியிருக்கிறது. நான் தேடியது உனக்கும், நீ கடைக்குத் தேடியது எனக்கும் விளம்பரமாக வந்திருக்கிறது. நானோ உனக்குத்தான் கண்ணில் நோய் வந்துவிட்டது என்று இரண்டு மாதமாகத் தூங்காமல் கிடந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அத்தாவுக்குப் பார்வை போனபோது எனக்கு ஐந்து வயது. நீ ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாய். மறுநாளே உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அத்தா உன் தோளில் கையை வைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கும் சந்தைக்கும் நடப்பார், நான் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடப்பேன். அத்தா மவுத்தாகும் வரை அந்தத் தோள் உனக்குச் சொந்தமாக இல்லை. இன்னொரு தரம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போதும் எனக்காக வரவில்லை. நான் வராவிட்டால் நீ ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டாய், அதற்காக வருகிறேன். அயாஸ் இருபதாம் தேதிதான் கிளம்புகிறான், நானும் அவனோடு வருகிறேன்; அதனால் இதை மட்டும் தபாலில் போடச் சொல்கிறேன். முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

முஜிபு

(அக்கா, நான் அயாஸ். இதை எழுதும்போது அவர் சொல்லாமல் விட்டது ஒன்று: நீங்கள் பெட்டியில் அடித்ததையெல்லாம் தினமும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறார்.)


மதுரை, ஆஸ்பத்திரி
03.06.2026

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருக்கும் தம்பி சேவுகப்பெருமாள் எழுதித் தருகிறார். ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. இடது கண்ணில் இருக்கும் பார்வை நிற்கும் என்று டாக்டர் சொன்னார். கட்டு அவிழ்க்க இன்னும் இரண்டு நாள் ஆகும். சாப்பாட்டில் உப்பே இல்லை, மற்றபடி சுகம்.

வைகாசி முகூர்த்தத்துக்கு நீ கடைக்குத் திரும்பிப் போனது நல்லதுதான். இதைப் போனில் கேட்டால் சிரித்து மழுப்புவாய், அதனால்தான் கடிதம்.

முதல் நாள் நாம் இரண்டு பேரும் வந்தபோது சீட்டுப் போடுகிற அம்மா உன்னைப் பார்த்து என்ன சொன்னார்? "வாங்கம்மா, சித்திரை பொறக்கறதுக்கு முன்னாடி வந்தீகளே, சொட்டு மருந்து தீர்ந்து போச்சா?" என்றார். "அவுக வேற யாரையோ நெனச்சுச் சொல்றாகடா" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். எனக்குக் கண்தான் போனது அக்கா, காது போகவில்லை.

போகவே இல்லை, நான் வந்தால்தான் போவேன் என்று அடித்தாயே, அப்போதே நீ போய் வந்திருந்தாயா? டாக்டர் என்ன சொன்னார்? இதற்குப் பதில் வராமல் நான் இங்கிருந்து நகரமாட்டேன்.

முஜிபு


காரைக்குடி
05.06.2026

கட்டுப் போட்ட மாப்பிள்ளைக்கு அக்காவின் ஸலாம். இறைவன் உன் கண்ணை மீதி வைத்தானே, அவனுக்கே எல்லாப் புகழும். உப்பில்லாத சாப்பாட்டுக்கு நாளைக்கு நாதியா ஊறுகாய் கொண்டு வருவாள். நர்ஸம்மா பார்க்காமல் தொட்டுக்கொள்.

சீட்டுப் போடுகிற அம்மாவுக்கு வாய் நீளம்.

உன் மார்ச் மாதக் கடிதத்தைப் படித்துவிட்டு, நாதியா ஊருக்குப் போனதும், நீ சொன்னபடி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு தெருவைப் பார்த்தேன். அப்புறம் கையை மாற்றிப் பொத்தினேன். இடது பக்கம் நிறுத்தியிருந்த வண்டியைக் காணோம். நான் யாரிடமும் சொல்லவில்லை. முகூர்த்தம் முடிந்த மறுநாள் தனியாகப் பஸ் ஏறிவிட்டேன். ஆமாம்டா, எனக்கும் இருக்கிறது. ஆனால் ஆரம்பம்தான். கொஞ்சம் போயிருக்கிறது, இனிமேல் போகாமல் சொட்டு மருந்து காப்பாற்றும் என்றார்கள். நீ எனக்காகப் பயந்து எழுதிய அந்தக் கடிதம் மட்டும் வரவில்லை என்றால் அதுவும் தெரிந்திருக்காது.

ஊருக்குத் திரும்பினால் பெட்டியில் உன் கேள்விகள். மறுநாள்தான் உனக்கு அந்த வறட்டுக் கடிதம் எழுதினேன். இரண்டு பேருக்குமே இருக்கிறது என்று உன்னிடம் எப்படிச் சொல்வது? சொல்லியிருந்தால், "நீ மருந்து போடு, நான் டிசம்பரில் வருகிறேன்" என்றுதானே சொல்லியிருப்பாய்? போகவில்லை என்று பொய் சொன்னதால்தான் இன்று உனக்கு அரைக் கண்ணாவது மிச்சம். அடுத்த மாதம் இரண்டு பேரையும் ஒரே நாளில் மதுரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், சீட்டு வாங்கிவிட்டேன்.

தோளைப் பற்றி இனி எழுதாதே. அத்தா கையை நான் பாரமென்று நினைத்ததே இல்லை. நீ சீக்கிரம் இங்குட்டு வந்து சேர். காலையும் ராத்திரியும் நீ எனக்குச் சொட்டு விடு, நான் உனக்கு விடுகிறேன். எனக்கு நானே விட்டுக்கொண்டால் பாதி மருந்து கன்னத்தில்தான் வழிகிறது. கடையில் பார்க்கிறவர்கள் நான் அழுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

அக்கா
ஷரபுன்னிசா